புயலில் ரயில் நின்றால்: பணமும் பயணமும் கைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் எங்கள் குடியிருப்பில் மூன்றே கேள்விகள்தான் கேட்கும். ரயில் ஓடுமா, ஓடாவிட்டால் பணம் வருமா, வேறு எப்படி ஊருக்குப் போவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலிலும் அக்கம்பக்கத்தாருக்கு டிக்கெட் வேலை பார்த்துக் கொடுத்தேன். பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் அவசரப்பட்டவர்கள், இல்லையென்றால் நேரத்தைத் தவறவிட்டவர்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் சறுக்கினார்கள்.

அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். பெரும்பகுதி ரயில் முன்பதிவு டிக்கெட் பற்றியது, ஏனென்றால் சிக்கல் அதில்தான் அதிகம். பஸ், மெட்ரோ பற்றிக் கடைசிப் பகுதிகளில் பார்க்கலாம்.

1. காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்ததுமே செய்யவேண்டியவை

மின்சாரம் போய், செல்போன் கோபுரமும் செத்துவிட்டால் டிக்கெட்டைத் தேடக்கூட முடியாது. மிக்ஜாம் சமயத்தில் பல பகுதிகளில் நாள்கணக்கில் அப்படித்தான் இருந்தது. அதனால் இதெல்லாம் மழைக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும்.

டிக்கெட்டின் முன்பதிவு எண்ணான பிஎன்ஆர் 10 இலக்கம். அதையும் ரயில் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் போனில் இருக்கட்டும். கவுன்ட்டரில் வாங்கிய காகித டிக்கெட் என்றால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஈரத்தில் எழுத்து அழிந்துபோன டிக்கெட்டைக் கவுன்ட்டரில் நீட்டி மல்லுக்கு நின்றவரைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எந்தக் கணக்கிலிருந்து டிக்கெட் போட்டது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அம்மா அப்பாவுக்குப் பெங்களூரில் இருக்கும் மகன் தன் ஐஆர்சிடிசி கணக்கில் டிக்கெட் எடுத்திருப்பார். பணத்துக்கு விண்ணப்பிக்கவேண்டிய நேரம் வரும்போது அந்தக் கணக்குக்குள் போனால்தான் முடியும். மகன் மீட்டிங்கில் இருப்பார், போனை எடுக்கமாட்டார். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால், டிக்கெட்டில் பதிவான செல்போன் எண் உங்களுடையதா என்று பாருங்கள். ரயில் ரத்துச் செய்தியும் பணம் திரும்பும்போது வரும் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

ஒரு ரயிலில் இறங்கி இன்னொன்றில் ஏறும் பயணமா? இரண்டு பிஎன்ஆரையும் இணைத்து வையுங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி இருக்கிறது. முதல் ரயில் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், இணைத்திருப்பவருக்கு இரண்டாவது டிக்கெட்டின் பணம் பிடித்தமில்லாமல் கிடைக்க வழி உண்டு. இரண்டும் இ-டிக்கெட்டாகவோ, இரண்டும் கவுன்ட்டர் டிக்கெட்டாகவோ இருக்கவேண்டும், பயணிகளின் பெயர் விவரமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

கையில் கொஞ்சம் ரொக்கம், அதுவும் சில்லறையாக. இணையம் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது, ஏடிஎம்மும் திறக்காது.

2. ரத்துப் பொத்தானைத் தொடாதீர்கள்

ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2023 டிசம்பர் 4. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் உள்ள 14-ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியிருந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து வண்டி கிளம்ப முடியாத நிலை. எங்கள் மாடியில் இருந்த பெரியவர் ஒருவருக்கு அன்றிரவு கோவைக்கு டிக்கெட். டிவியில் தண்ணீரைப் பார்த்ததும் அவருடைய மகள் போனில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். அவர் ரத்து செய்து கொஞ்ச நேரம் கழித்து ரயிலே ரத்து என்று அறிவிப்பு வந்தது. எதிர் வீட்டுக்காரர் அதே வண்டிக்கு டிக்கெட் வைத்திருந்தார், எதையும் தொடவில்லை. அவருக்கு முழுப்பணமும் வந்தது. பெரியவருக்குப் பிடித்தம் போக மிச்சம்தான். “நாமளே கேன்சல் பண்ணா சீக்கிரம் பணம் வரும்னு நெனச்சேன் அங்கிள்” என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாள்.

காரணம் எளிது. ரயில்வே நிறுத்தினால் அது அவர்கள் பொறுப்பு, முழுப்பணம் திரும்பும். நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்பம், ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அந்தப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். உறுதியான தத்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அதே தத்கல் டிக்கெட்டுக்கு ரயில்வே வண்டியை ரத்து செய்தால் முழுப்பணம் உண்டு.

பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள்கூட, புறப்பட இன்னும் நேரம் இருந்தால் அறிவிப்புக்குக் காத்திருப்பது நல்லது. ஆனால் வண்டி கண்டிப்பாக ஓடும் என்று தெரிந்து, நீங்கள் போகப்போவதில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். அப்போது சீக்கிரம் ரத்து செய்தால்தான் பிடித்தம் குறையும்.

3. உங்கள் ரயில் எந்த வகையில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்

ரயில்வே அறிவிப்பில் வரும் சொற்களை மக்கள் எல்லாமே “ரத்து” என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் நான்கு வகை இருக்கிறது. வழிமுறையும் காலக்கெடுவும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல.

முழு ரத்து: புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை வண்டி ஓடாது.

பகுதி ரத்து: வழியில் ஓர் ஊரிலிருந்து கிளம்பும், அல்லது வழியிலேயே நின்றுவிடும். சென்ட்ரல் வண்டி அரக்கோணத்திலிருந்தோ காட்பாடியிலிருந்தோ புறப்படும் என்று சொல்வது இந்த வகை.

மாற்றுப்பாதை: வண்டி ஓடும், வேறு தடத்தில். 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தில் அபாய அளவுக்கு மேல் வெள்ளம் வந்தபோது, தென்மாவட்ட ரயில்கள் சிலவற்றை விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, காட்பாடி வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

தாமதம்: நேரம் மாற்றிக் கிளம்பும், அல்லது பின்தங்கி வரும்.

எங்கே பார்ப்பது? ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் ரயில் எண்ணைப் போட்டால் ரத்து, பாதை மாற்றம், தாமதம் எல்லாம் வரும். இணையம் இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் செய்யலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதில் போன வருடத்துப் பட்டியலும் கலந்து வரும்.

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது தேதியில். ரத்துப் பட்டியலில் இருக்கும் தேதி, அந்த ரயில் தன் முதல் ஸ்டேஷனில் புறப்படும் தேதி. நீங்கள் ஏறும் தேதி அல்ல. கன்னியாகுமரியிலிருந்து ஒன்றாம் தேதி மாலை கிளம்பும் வண்டி திருச்சிக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். திருச்சியில் ஏறுகிறவர் டிக்கெட்டில் இரண்டாம் தேதி என்று இருக்கும். பட்டியலில் “ஒன்றாம் தேதி வண்டி ரத்து” என்று இருப்பதைப் பார்த்து, “நம்முடையது இரண்டாம் தேதி, நமக்கில்லை” என்று நடுராத்திரி ஸ்டேஷனுக்குக் குழந்தைகளோடு போய் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். உங்கள் வண்டி முதல் ஸ்டேஷனில் எந்தத் தேதியில் கிளம்புகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, வெயில் அடிக்கிறதே, இன்னும் ஏன் ரத்து என்று கேட்பார்கள். இரண்டு காரணம். முதலாவது, நேற்று மதுரையிலிருந்து சென்னைக்கு வந்திருக்கவேண்டிய பெட்டிகள் வரவில்லை என்றால், இன்று இங்கிருந்து கிளம்பப் பெட்டிகளே இல்லை. இரண்டாவது, வெள்ளம் புயலுக்குப் பிந்தித்தான் வரும். ஃபெஞ்சல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. தண்டவாளத்துக்கு ஆபத்து வந்தது டிசம்பர் 2. மேட்டுப்பகுதியில் கொட்டிய மழை ஆறும் ஏரியும் நிரம்பி இறங்க நேரம் எடுக்கும். ஆகவே புயல் போன பின்பும் இரண்டு மூன்று நாளைக்கு, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

4. முழு ரத்து என்றால்

இ-டிக்கெட்டுக்கு நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. கட்டணம் தானாகவே, பணம் கட்டிய அதே கணக்குக்குத் திரும்பும். வழக்கமாகச் சில நாளில் வந்துவிடும். ஐஆர்சிடிசி பிடித்த சேவைக் கட்டணம் மட்டும் திரும்பாது.

கவுன்ட்டர் டிக்கெட் தானாகத் திரும்பாது. வண்டி புறப்படவேண்டிய நேரத்திலிருந்து 3 நாளுக்குள் கணினி முன்பதிவு மையத்தில் டிக்கெட்டைக் கொடுத்துப் பணத்தை வாங்கவேண்டும். ஏறவேண்டிய ஸ்டேஷனுக்கே போகவேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே கவுன்ட்டர் திறந்திருக்கிறதோ அங்கே போகலாம். பெரிய பேரிடரில் ரயில்வே இந்தக் கெடுவை நீட்டிப்பதும் உண்டு. 2020 பொதுமுடக்கத்தின்போது மாதக்கணக்கில் நீட்டித்தார்கள். ஆனால் அறிவிப்பைக் கண்ணால் பார்க்கும் வரை 3 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புயலுக்கு மறுநாள் சென்ட்ரல், எழும்பூர் கவுன்ட்டர்களில் வரிசை வாசல் வரை நிற்கும். சிறிய ஸ்டேஷனில் இருக்கும் முன்பதிவு கவுன்ட்டரில் அரை மணியில் முடியும்.

5. பகுதி ரத்து, மாற்றுப்பாதை என்றால்

இங்கே நீங்கள் முடிவெடுக்கவேண்டும். போகிறீர்களா, பணத்தைத் திரும்ப வாங்குகிறீர்களா? இரண்டையும் பாதி பாதி செய்ய முடியாது.

போவதாக இருந்தால், வண்டி புதிதாகக் கிளம்பும் ஊருக்கு நீங்கள் எப்படிப் போய்ச் சேர்வீர்கள் என்று முதலில் பாருங்கள். சென்ட்ரலில் பாலம் மூழ்கியதால்தான் வண்டி அரக்கோணத்திலிருந்து கிளம்புகிறது. அப்படியென்றால் சென்ட்ரலிலிருந்து அரக்கோணத்துக்குப் புறநகர் ரயிலும் ஓடாது. சாலையில்தான் போகவேண்டும். வழக்கமாக ஒன்றரை இரண்டு மணி நேரம் என்றால் அன்றைக்கு அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் பணத்தைக் கேட்பதே சரி. ஏழெட்டு மாதக் கர்ப்பிணியையும் எண்பது வயதுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வெள்ளத்தில் காட்பாடி வரை கார் பிடித்துப் போகாதீர்கள். டிக்கெட் போனால் இன்னொன்று எடுக்கலாம்.

போய் ஏறிவிட்டீர்கள் என்றால், ஏறியதும் டிக்கெட் பரிசோதகரைத் தேடி “சார், சென்ட்ரல்ல ஏறவேண்டியவங்க, இங்க ஏறியிருக்கோம்” என்று சொல்லிவிடுங்கள். பரிசோதகர் பட்டியலில் உங்களை வரவில்லை என்று குறித்துவிட்டால், உங்கள் படுக்கை ஆர்ஏசியில், அதாவது உட்கார மட்டும் இடம் கிடைத்துப் படுக்கைக்குக் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

மாற்றுப்பாதையில், உங்கள் ஸ்டேஷனை வண்டி தொடுகிறதா என்பதுதான் கேள்வி. மதுரையிலிருந்து வரும் வண்டி விழுப்புரத்திலிருந்து காட்பாடி வழியாகப் போனால், திண்டிவனத்தில் ஏறக் காத்திருப்பவருக்கு அந்த வண்டி வரவே வராது. மேல்மருவத்தூரில் இறங்கவேண்டியவருக்கும் அதே கதை. இவர்கள் பயணம் செய்யாமல் முழுப்பணம் கேட்கலாம். ஸ்டேஷனைத் தொட்டாலும், பாதை மாறியதால் போக விரும்பவில்லை என்றால் அப்போதும் கேட்கலாம்.

பணம் கேட்க, இ-டிக்கெட்டுக்கு டிடிஆர் என்ற விண்ணப்பத்தை ஐஆர்சிடிசியில் போடவேண்டும். உங்கள் ஸ்டேஷனில் வண்டி புறப்படவேண்டிய அட்டவணை நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். எப்படி என்று 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

6. மூன்று மணி நேரத் தாமதம் என்றால்

பணம் அதிகமாகக் கைநழுவுவது இங்கேதான்.

நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்களும் போகவில்லை என்றால் முழுப்பணம் உண்டு. கணக்கு நீங்கள் ஏறும் ஸ்டேஷனை வைத்துத்தான். சேரும் ஊரில் 5 மணி நேரம் தாமதமாக இறக்கிவிட்டால் அதற்குப் பணம் இல்லை.

காலக்கெடு மற்ற வகைகளைப்போல 72 மணி நேரம் அல்ல. வண்டி உண்மையில் கிளம்பும் முன் டிடிஆர் போட்டிருக்கவேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் வண்டி உண்மையில் கிளம்பும் முன் கவுன்ட்டரில் கொடுத்திருக்கவேண்டும். வண்டி போன பின் கேட்டால் கிடைக்காது. ஏன் இப்படி என்றால், காலியாகும் இடத்தை ஸ்டேஷனில் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி செய்தது இது. இரவு 9 மணி வண்டி, 4 மணி நேரத் தாமதம் என்று தெரிந்ததும் பயணத்தை விட்டுவிட்டான். “ராத்திரி எதுக்கு, காலைல பாத்துக்கலாம்” என்று தூங்கிவிட்டான். வண்டி ஒரு மணிக்குப் போய்விட்டது. காலையில் டிடிஆர் போடப் போனபோது கெடு முடிந்திருந்தது. 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று திரையில் தெரிந்து, போகப்போவதில்லை என்று நீங்களும் முடிவு செய்தால், அந்த நிமிடமே போடுங்கள். அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள்.

ஒரே பிஎன்ஆரில் நான்கு பேர் இருந்து இரண்டு பேர் போய்விட்டால் விஷயம் மாறுகிறது. அது வேறு காரணத்தின் கீழ் வரும், பரிசோதகரின் சான்றும் தேவைப்படும். ஸ்டேஷனில் நின்றபடி “நீங்க ரெண்டு பேரும் போங்க, நாங்க அப்புறம் வர்றோம்” என்று பிரியும் முன் அதை யோசியுங்கள்.

7. டிடிஆர் போடும் முறை

பெயரே குழப்பும். நம் ஊரில் டிடிஆர் என்றால் டிக்கெட் பரிசோதகர். ஐஆர்சிடிசியில் டிடிஆர் என்பது டிக்கெட்டை ஒப்படைத்ததற்கான ரசீது, அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம். “டிடிஆர் போடுங்க” என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, எழும்பூர் பிளாட்பாரத்தில் கறுப்புக் கோட்டுக்காரரைத் தேடி அலைந்த மாமி ஒருவர் உண்டு.

டிக்கெட் எடுத்த அதே கணக்கில் நுழையுங்கள். வேறு கணக்கிலிருந்து போட முடியாது. ஏஜென்ட் எடுத்தது என்றால் ஏஜென்ட்தான் போடவேண்டும், உடனே அவருக்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் பரிவர்த்தனைகள் இருக்கும் பகுதியில் டிடிஆர் தாக்கல் என்ற இணைப்பு இருக்கும். அங்கே உங்கள் பிஎன்ஆரைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்தப் பயணிகளுக்கு என்று டிக் செய்யுங்கள். எல்லாரும் போகவில்லை என்றால் எல்லாருக்கும் டிக் செய்யவேண்டும். முதல் பெயரை மட்டும் டிக் செய்துவிட்டு மற்றவர் பணத்தை விட்டவர்கள் உண்டு.

அப்புறம் காரணத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பட்டியல் நீளமாக, ஆங்கிலத்தில் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், பாதை மாறியதால் பயணிக்கவில்லை, பாதை மாறியதால் ஏறும் ஸ்டேஷனைத் தொடவில்லை, இறங்கும் ஸ்டேஷனைத் தொடவில்லை, சேரும் ஊருக்கு முன்பே நின்றுவிட்டது என்று தனித்தனியாக இருக்கும். 3-ஆவது பகுதியில் உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர்கள் அன்றைய வண்டி ஓட்டப் பதிவோடு ஒப்பிடுவார்கள். நடந்தது ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த காரணம் வேறொன்று என்றால் தள்ளுபடிதான்.

அனுப்பிய பின் வரும் உறுதிப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். டிடிஆர் போட்டபின் மனம் மாறி அந்த வண்டியிலேயே ஏறிவிடாதீர்கள். பரிசோதகரின் பட்டியலில் நீங்கள் பயணம் செய்ததாகப் பதிவானால் விண்ணப்பம் செல்லாது.

8. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். அதில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளியில் தங்கவைத்தார்கள், மற்றவர்கள் ஸ்டேஷனிலும் வண்டியிலுமாக இருந்தார்கள். ஸ்டேஷனைச் சுற்றி வெள்ளம். ஹெலிகாப்டரில் உணவு போட்டார்கள். அதற்கப்புறம்தான் மீட்டு, மணியாச்சிக்கு பஸ்ஸில் கொண்டுபோய்ச் சிறப்பு ரயிலில் அனுப்பினார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தது. வண்டி அங்கேயே நின்றதால்தான் அத்தனை உயிரும் தப்பியது.

எனவே முதல் வேலை, இறங்கி இருட்டில் தண்டவாளத்தோடு நடக்காமல் இருப்பது. தண்டவாளம் மேடாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது, போன் சார்ஜைச் சேமிப்பது. பெட்டியில் ஒரு நேரத்தில் ஒருவர் போன் மட்டும் ஆன் செய்து 139-க்குப் பேசினால் போதும். சிறு குழந்தை, மருந்து தேவைப்படுகிறவர், நடக்க முடியாதவர் எந்தப் பெட்டியில் எத்தனை பேர் என்று பரிசோதகரிடம் சொல்லுங்கள். மீட்பு வரும்போது முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று நிலை. ரயில்வே பஸ்ஸோ வேறு ரயிலோ ஏற்பாடு செய்து நீங்கள் அதில் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டால் பணம் திரும்பாது. ஏற்பாடு செய்ய முடியவில்லை என்றால் முழுக் கட்டணமும் திரும்பும், நீங்கள் பயணித்த தூரத்துக்கும் சேர்த்து. ஏற்பாடு செய்தும் நீங்கள் வேண்டாம் என்று போய்விட்டால், பயணித்த தூரத்துக்குப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கவுன்ட்டர் டிக்கெட்டை இறங்கிய ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

9. மாற்றாக பஸ் பிடிக்கும்போது

முதலில் சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளத்தால் விழுப்புரம் பக்கம் அரசூரில் சென்னை திருச்சி நெடுஞ்சாலையே அடைபட்டது. ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அன்றைக்குக் கிளாம்பாக்கத்தில் டிக்கெட் எடுத்து ஏறியவர்கள் நடுவழியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

அரசு பஸ் கட்டணம் புயலுக்காக ஏறாது. அதனால் முதலில் அதையே பாருங்கள். வழியில் பழுதானால் நடத்துநர் பின்னால் வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார், அதற்குப் பழைய டிக்கெட் தேவை. தூக்கி எறியாதீர்கள்.

ஆம்னி பஸ்ஸில் கவனம் வேண்டும். வண்டி கிளம்பாது என்று தெரிந்தபின், பஸ் அலுவலகத்திலிருந்து போன் வரும். “சார், வண்டி போகல, நீங்க ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க” என்பார்கள். செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம், அவர்கள் ரத்து செய்தால் முழுப்பணம். “நீங்களே கேன்சல் போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, அந்த அழைப்பு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செயலியின் உதவிப் பகுதியிலும் வண்டி வரவில்லை என்று உடனே பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முதல் டிக்கெட்டின் பணம் எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில் மூன்று மடங்கு விலையில் இரண்டாவது டிக்கெட் எடுக்கும் முன், ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் பேசிப்பாருங்கள். வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் விலை இறங்கிவிடும்.

10. சென்னைக்குள் போகவேண்டியிருந்தால்

மெட்ரோ, மின்சார ரயில், பஸ் என்ற வரிசையில் யோசியுங்கள். மெட்ரோ மேலேயோ பூமிக்கடியிலோ தனித்தடத்தில் ஓடுவதால் சாலைத் தண்ணீர் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குள் போகும் வழி பாதிக்கும். மிக்ஜாமின்போது பரங்கிமலை மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நான்கடித் தண்ணீர். பயணிகளை ஆலந்தூருக்குப் போகச் சொன்னார்கள். உங்கள் பைக்கையோ காரையோ ஸ்டேஷன் பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம்.

பஸ் என்றால், கணேசபுரம், அரங்கநாதன் போன்ற சுரங்கப்பாதைகள் மூடினால் தடம் மாறும். ஏறும்போதே நடத்துநரிடம் எந்த வழி என்று கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய சாலைகளில் முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிடுவார்கள். 2024 நவம்பர் 30 பிற்பகலில் ஈசிஆரிலும் ஓஎம்ஆரிலும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் மதியத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

ஆட்டோவில் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடியுங்கள், தண்ணீர் நிற்கும் தெருவுக்குள் வருவாரா, முனையில் இறக்கிவிடுவாரா என்பதையும் சேர்த்து.

11. பணம் வந்ததா என்று பின்தொடருங்கள்

முழு ரத்தில் ஒரு வாரம் பத்து நாளில் வராவிட்டால் மட்டும் விசாரியுங்கள். டிடிஆர் அப்படியல்ல. அது சம்பந்தப்பட்ட மண்டல ரயில்வேக்குப் போய், பதிவோடு ஒப்பிட்டு, பிறகுதான் திரும்பும். இரண்டு மாதம்கூட ஆகும். ஐஆர்சிடிசி கணக்கில் டிடிஆர் நிலை தெரியும் பகுதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் ஏஜென்ட் கணக்குக்குப் போகும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற தொகையோடு ஓடிபி உங்கள் போனுக்கு வரும். தொகையை எழுதிக்கொண்டு, பணத்தை வாங்கும்போது அந்த ஓடிபியை உங்கள் ஏஜென்டிடம் மட்டும் சொல்லுங்கள்.

வேறு யாருக்கும் எந்த ஓடிபியும் சொல்லவேண்டாம். புயலுக்குப் பிறகு கோபத்தில் பிஎன்ஆரையும் போன் எண்ணையும் சமூக வலைதளத்தில் போட்டுப் புகார் எழுதுவார்கள். அரை மணியில் “ரீஃபண்டு டிபார்ட்மென்ட்லேருந்து பேசறோம்” என்று போன் வரும், ஒரு லிங்க் வரும். பணம் உள்ளே வருவதற்கு யுபிஐ பின் எண் போடவேண்டிய அவசியமே கிடையாது. யாராவது பின் எண்ணைப் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிட்டு நீங்களாக 139-க்குப் பேசுங்கள். அதற்குள் பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.